நாற்பத்து மூன்று பக்கத்துக்கும் ஒரே பத்தி

துண்டக்கா என்றுதான் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குப் பேர். டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள், பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைக் கட்டி மேய்க்கிறாள். அதில் நாற்பத்து மூன்று பக்கங்களில் ஒரே பத்தி வரும்: 'எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வரவும்.' பக்கத்துக்குப் பக்கம் தனியாக அடித்தால் ஒன்றைத் திருத்தி இன்னொன்றை மறந்துபோவோம் என்று, அதை ஒரே இடத்தில் பொதுத் துண்டாக எழுதி, எல்லாப் பக்கமும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்தவள் அவள்தான். அங்கே மாற்றினால் எல்லாவற்றிலும் மாறும். "பொதுத் துண்டுல கை வைக்காதீங்கப்பா" என்று பார்த்தவரிடமெல்லாம் கத்திக் கத்தியே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

சொன்னால் கேட்கிற ஜென்மமா விளம்பர அதிகாரி? வெள்ளிக்கிழமை குழந்தைகள் ரத்தப் பரிசோதனைப் பக்கத்தைத் திறந்தார். குழந்தைகளுக்கு மூன்று மணி நேரம் போதும். துண்டக்காவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனிப் பத்தி எழுதியிருப்பாள். இந்தத் துரைக்கு அதுவும் பாரம். 'இது நாற்பத்து மூன்று பக்கங்களில் மாறும், தொடரவா?' என்று திரை கேட்டது. படிக்காமலே 'சரி'யைத் தட்டி, எட்டை மூன்றாக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஆபரேஷனுக்கு வந்தவர்களில் ஏழு பேர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஏழு பேரையும் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

பதினோரு மணிக்கு நிர்வாகி கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு தாள்: 'என் கவனக்குறைவால் நேர்ந்த பிழை.' கீழே அவள் பேர். பக்கத்து நாற்காலியில் விளம்பர அதிகாரி, கால்மேல் கால் போட்டபடி.

"வெப்சைட் உங்க பொறுப்புதானேம்மா? கையெழுத்துப் போடுங்க."

"மாத்தினது இவர் சார். நேரம், பேர் எல்லாம் அதுலயே பதிஞ்சிருக்கு."

"நான் ஒரு பக்கத்துலதான் மாத்தினேன்" என்றார் அதிகாரி.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொதுத் துண்டுகளைப் பூட்டி வைக்கலாம் என்று மூன்று தடவை எழுதிக் கேட்டாள். "எங்களுக்கே பூட்டா?" என்று மூன்று தடவையும் தள்ளியவர் இதே ஆள். இப்போது என்ன நெஞ்சழுத்தம்!

"அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். போட்டால் பதினோரு வருஷப் பேர் போச்சு, போடாவிட்டால் வேலையே போச்சு. போனில் கணவன், "போட்டுட்டு வா, எதுக்கு வம்பு?" என்றான். பட்டென்று வைத்துவிட்டாள்.

வராந்தா பெஞ்சில் ஒரு பெண் தேம்பிக்கொண்டிருந்தாள். அருகில் அவள் அப்பா, சக்கர நாற்காலியில்.

"என்னம்மா ஆச்சு?"

"போன்ல மூணு மணி நேரம்னு பார்த்துதான்க்கா அப்பாவுக்குச் சாப்பாடு குடுத்தேன். இனிமே அடுத்த மாசம்தானாம். நான்தான் ஒழுங்காப் படிக்கலன்னு அண்ணன் வாய்க்கு வந்தபடி திட்டுறான். நான் சரியாத்தானேக்கா படிச்சேன்?"

துண்டக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ சரியாத்தான் படிச்சே கண்ணு. தப்பா எழுதினது நாங்க."

தாளை நான்காகக் கிழித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"கையெழுத்து கிடக்கட்டும் சார். வெளியில ஒரு பொண்ணு தன் தப்புன்னு நெனச்சு அழுதுட்டிருக்கா. தப்பு யாருதுன்னு இவரை வந்து அவகிட்ட சொல்லச் சொல்லுங்க. வேலையை விட்டு என்னை அனுப்புறதா இருந்தா, அதுக்கப்புறம் அனுப்புங்க."

அதிகாரி நிர்வாகியைப் பார்த்தார். நிர்வாகி கிழிந்த தாளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"எந்திரிங்க" என்றார் அதிகாரியிடம்.