கழுதைப்பால் சங்கு

மலையிலிருந்து கார்த்திகைக் குளிர் இறங்கியதும் படவேட்டில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்கு ஒழுகுகிறது. சளிக்கு மருந்தென்று இன்று காலை கழுதைப்பால்காரி வந்தாள்.

எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஒரு சங்கு புகட்டினாள். மூக்குச்சளி ஒட்டிய அதே சங்கை முந்தானையில் துடைத்து, என் கைக்குழந்தையின் வாயருகே கொண்டுவந்தாள்.

"கழுவிட்டுக் குடும்மா" என்றேன்.

"கய்தப் பால்ல எந்த நோவும் ஒட்டாதும்மா" என்றாள்.

உள்ளே போய் எங்கள் வெள்ளிச் சங்கை எடுத்துவந்து கொடுத்தேன். பால் குடித்த பிள்ளைக்குப் புரையேறியது. முதுகைத் தட்டிவிட்டுத் திரும்பினால், எங்கள் சங்கு நான்காவது பிள்ளையின் வாயில் இருக்கிறது.

"உங்க வூட்டு சங்குதாங்க சுத்தமா கீது" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

விறகடுப்பில் மூன்று முறை கொதிக்கவைத்துவிட்டேன். இன்னும் தொட மனம் வரவில்லை. சுத்தமான வெள்ளிச் சங்கு யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.