ஆற்றுவாய் அடைத்த தொட்டி

இருட்டாக்கிய ஆய்வுகூடம். கண்ணாடித் தொட்டித் தண்ணீருக்குள் ஒரு பச்சைக் கோடு அசையாமல் நின்றது. "இது எங்கயும் போகாது" என்றார் மிஸ். அந்தக் குரலை யாரும் காதில் போடாததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

அவர் எங்கள் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். நான் ஆய்வுகூட உதவியாளர். தொட்டி, எங்கள் வாவியின் சின்ன உருவம். அதில் கரைத்த சாயம் கண்ணுக்குத் தெரியாது. புற ஊதாக் கதிர் பட்ட இடம் மட்டும் விழித்துக்கொண்டு, நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். அப்படிக் கதிரால் தண்ணீருக்குள் ஒரு கோடு கீறிவிட்டு, அது எப்படி வளைந்து, கிழிந்து, கலந்து போகிறதென்று பார்ப்போம். பெரியகல்லாற்றுப் பக்கம் ஓர் இறால் பண்ணையின் கழிவுநீரை வாவிக்குள் விடலாமா என்பதுதான் கேள்வி. மிஸ்ஸின் தம்பி வலை வீசுவதும் அதே இடத்தில்தான்.

வாவி கடலோடு சேரும் ஆற்றுவாய் திறந்திருந்த தொட்டியில் கோடு பார்த்திருக்கவே கலைந்து போனது. வாயை மணலால் அடைத்ததும் நின்றுவிட்டது. மழைக்கு வயல் மூழ்கும்போதுதான் எங்கள் பக்கம் ஆற்றுவாயை வெட்டுவார்கள். கோடையில் மணல்மேடு கடலை மறித்துக் கிடக்கும். வயல்வட்டைக்குள் கால் வைத்த எவருக்கும் தெரிந்த சங்கதி இது. துறைத் தலைவரும் கல்லாற்றுக்காரர்தான். ஆனாலும் பண்ணைக்கான அனுமதிக் கூட்டத்தில் திறந்த தொட்டியின் படத்தை மட்டும் போட்டுக் காட்டினார்.

மிஸ் எழும்பினார். "ஆத்துவாய் மூடிக் கிடக்கக்குள்ள இந்தத் தண்ணி எங்க சேர் போகும்?"

"இருங்க மிஸ், பிறகு கதைப்பம்."

அந்தப் பிறகு வரவேயில்லை. மிஸ்ஸின் நியமனத்தைத்தான் நீடிக்காமல் விட்டார்கள். பண்ணையின் கழிவுக் குழாய் வந்தது. அடுத்த கோடையில் மீன் செத்துக் கரையெல்லாம் நாறியது. தம்பி வலையை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போனான்.

போன மாதம் ஒரு கருத்தரங்கு. அதே தலைவர், வாய் அடைத்த தொட்டியின் படத்தை வெட்கமில்லாமல் போட்டு, "நாங்க அப்பவே எச்சரிச்சம்" என்றார். சனம் கைதட்டியது. முடிந்ததும் என்னிடம் வந்து, "அந்த மிஸ் இப்ப என்ன செய்றா?" என்று கேட்டார்.

"காத்தான்குடியில டியூசன் குடுக்கிறா சேர்."

"நல்ல கெட்டிக்காரி. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "எதுவரைக்கும் சேர் பொறுக்கிற, மீன் செத்து மிதக்குமட்டுமா?" என்றேன்.