மாத்திரை காப்பாற்றிய முடி

பெண் வீட்டுக்காரர்கள் முதலில் சம்பளத்தைப் பார்ப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் பார்ப்பது மண்டையைத்தான். அம்பத்தூரில் ஐடி வேலை, பருத்திப்பட்டில் லோன் போட்டு வாங்கிய ஃபிளாட், கெட்ட பழக்கம் கிடையாது. இத்தனை இருந்தும் என் ஜாதகம் போன வேகத்தில் திரும்பி வந்தது. தரகர் ஒருநாள் அம்மாவிடம் போட்டு உடைத்தார்.

"பையன் தங்கம்தான்மா. நெத்தி ஏறிகினே போவுது பாரு, அதான் இடிக்குது. கண்ணாலம் முடியிற வரிக்கும் இன்னாவாவது பண்ணுங்க."

அந்த 'இன்னாவாவது' மாத்திரையாக வந்தது. பூந்தமல்லி பக்கம், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு முடி கிளினிக். டாக்டர் விளக்கு வைத்து என் மண்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. பக்க விளைவு வருமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் வராது. வந்தாலும் நிறுத்தினா சரியாயிடும்" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொன்னார்!

முடி கொட்டுவது நின்றது, அதை மறுக்க மாட்டேன். புது போட்டோ எடுத்து அனுப்பினோம், கல்யாணமும் முடிவானது. கல்யாணம் நெருங்கும்போதே உடம்பில் ஏதோ குறைவது தெரிந்தது. பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு புரிந்துவிட்டது. ஆசை என்ற ஒன்று எனக்குள் இல்லை. மனைவி கை பட்டாலும் மரத்துப்போன கால் மாதிரிதான் இருந்தது உடம்பு. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றே மாத்திரையைக் குப்பையில் போட்டாள்.

நிறுத்தியும் சரியாகவில்லை. தூக்கம் போனது. காரணமில்லாமல் மனம் இருண்டு கிடந்தது. கிளினிக் டாக்டரிடம் போய் நின்றேன். "இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது சார். புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு வர்ற டென்ஷன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் மனசை எந்த விளக்கு வைத்துப் பார்த்தார் அவர்? ஆவடியில் இன்னொரு டாக்டர் மட்டும் உள்ளதைச் சொன்னார். "சில பேர் இப்படிச் சொல்றாங்க. ஏன்னு முழுசா தெரியல. எப்ப சரியாகும்னும் என்னால சொல்ல முடியாது." எல்லோருக்கும் இப்படி ஆகாதாம். நல்லது. எனக்கு ஆனதே.

குழந்தை இல்லை என்று வீட்டில் பழி முழுக்க மனைவி தலையில் விழுந்தது. "உங்க விஷயம், நீங்களா சொல்ற வரிக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகையிலிருந்து அத்தை வந்தாள். அவளுக்குக் கொடுத்த டீயே ஆறவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"வவுத்துல ஒரு புழு பூச்சி இல்ல. இவள மொதல்ல நல்ல டாக்டராண்ட இட்டுகினு போ."

மனைவி பலகாரத் தட்டை அத்தை முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல அத்தே. கோளாறு எனக்கு. முடிக்குன்னு மாத்திர துன்னேன் இல்ல, அதுலேர்ந்து."

அத்தை சிரித்தாள். "தலைக்குப் போட்ட மாத்திர எப்டிடா கீழ எறங்கும்?"

என் வாழ்க்கை அவளுக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. அம்மா சிரிக்கவில்லை, அழுதாள். அழுதுகொண்டே, "ஆத்தாளுக்கு வேண்டிகினு கீறேன் நைனா. உன் முடிய குட்துட்டா எல்லாம் சரியாப்பூடும்" என்றாள்.

எந்த முடி? எதைக் காப்பாற்றப் போய் எல்லாவற்றையும் தொலைத்தேனோ, அதே முடி! கத்தினேன். ஆனாலும் அடுத்த வாரம் நான், அம்மா, மனைவி மூன்று பேரும் அம்மன் கோயிலுக்குப் போனோம். பக்தியால் இல்லை. கண்ணாடியில் அந்த முடியைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மொட்டை போடுபவர் தண்ணீர் தெளித்துத் தலையைத் தேய்த்தார். "நல்லா அடர்த்தியா கீதே அண்ணாத்தே. இன்னா போடறீங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன். குளித்துவிட்டு வந்ததும் மனைவி தன் முந்தானையால் என் தலையைத் துவட்டினாள்.

"அந்த போட்டோவுல முடியப் பாத்தது எங்கப்பாதான். நான் நீங்க சிரிச்சிகினு இருந்ததப் பாத்துதான் சரின்னேன்."

"பொய் சொல்லாத" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போனை எடுத்து அந்த போட்டோவைக் காட்டினாள். நான்தான். பல் தெரிய, கண் சுருங்க, என்னமாய்ச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒருவன் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

என் கண் கலங்கியதைப் பார்த்த அம்மா பக்கத்தில் வந்து மொட்டைத் தலையைத் தடவினாள்.

"அழுவாத நைனா. சீக்கிரம் வளந்துடும்."