மச்சுத் தொட்டித் தண்ணீர்

1945 ஜூன் 18 – ரூ. 36
1946 ஜூன் 20 – ரூ. 39
1947 ஜூன் 21 – ரூ. 45
1947 டிசம்பர் 4 – ரூ. 10

முதல் மூன்றும் குன்னம் தர்மன் கொடைக்கானலில் வாங்கிய சீசன் சம்பளம். நாலாவது, பூமாலைக்கு அவன் மணியார்டர் கட்டி, வாங்காமல் திரும்பி வந்த தொகை.

குன்னத்தில் பருத்தி எடுத்து முடிந்தால் ஆடி மழைவரை கூலிக்குக் கூப்பிட ஆளில்லை. அந்த மூன்று மாதத்துக்கும் மதுரை வக்கீல் ஒருவரின் மலை பங்களாவில் தர்மனுக்கு வேலை பிடித்துக் கொடுத்தவன் பூமாலை. கொள்ளிடக் கரைத் திருமானூர்க்காரன். பங்களாவுக்கு வருஷம் முழுக்கக் காவல். பின்கட்டு அறையில் மனைவி சின்னம்மாளோடு குடியிருந்தான். தண்ணீர் சுமந்து மச்சுத் தொட்டியை நிரப்புவதும் வெந்நீர் போடுவதும் தர்மன் வேலை.

"மூஞ்சி கழுவுன தண்ணியக்கூட செடிக்கு ஊத்துறான் பாரு. குன்னத்தான் குன்னத்தான்தான்" என்பான் பூமாலை.

"ஒங்க ஊர்ல தண்ணி ஒங்களத் தேடி வருதுண்ணே. நாங்கல்ல தேடிப் போவணும்."

சீசன் முடிந்து பங்களாவைப் பூட்ட ஒரு முறை உண்டு. மெத்தைகளை வெயிலில் காயப்போட்டுச் சுருட்டி, கம்பளங்களில் அந்துருண்டை வைத்து, எல்லாவற்றையும் பின்னறையில் அடுக்க வேண்டும். நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்த வேண்டும். கடைசியாக, அந்த அறைக்கு நேர் மேலே மச்சில் இருக்கும் இரும்புத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். தொட்டியை எப்போதும் பூமாலையே பார்த்துக்கொள்வான். மூன்றாம் வருஷம் சின்னம்மாளுக்குக் காய்ச்சல். மருந்து வாங்க ஓடியவன், தொட்டி வேலையைத் தர்மனிடம் விட்டுவிட்டுப் போனான்.

தர்மன் மூடியைத் தூக்கினான். தளும்பத் தளும்பத் தண்ணீர். அத்தனையும் அவன் தோளில் ஏறி வந்தது. இந்நேரம் ஊரில் மனைவி ஆண்டாயி ஏரிக்குள் தோண்டிய ஊற்றுக்குழியில் குந்தி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருப்பாள். தண்ணீரைத் திறந்துவிடும் அடைப்பில் வைத்த கை திரும்ப மறுத்தது. மூடி வைத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது, அடுத்த ஆட்களுக்கு ஆகட்டும் என்று இறங்கி வந்துவிட்டான்.

"காலி பண்ணிட்டியாடா?" என்றான் திரும்பி வந்த பூமாலை.

இல்லை என்றால் சிரிப்பான். பஸ் ஏறும்வரை குன்னத்தான் கதைதான்.

"ஆச்சுண்ணே."

பூமாலை கதவைப் பூட்டினான்.

தொட்டியின் அடி துருப்பிடித்து, தண்ணீர் முழுக்கக் கீழே ஒழுகிப் போயிருந்தது. தசராவுக்கு வக்கீல் குடும்பம் வந்து பின்னறையைத் திறந்தபோது கம்பளமும் மெத்தையும் கறுத்து நாறின. தொட்டியைத் தர்மனிடம் விட்டதாகப் பூமாலை சொல்ல, காலி செய்யவில்லை என்று அவன் வாயால் கேட்டு வா, இல்லையென்றால் நீ வேலையைவிட்டுப் போ என்றார் வக்கீல்.

நவம்பர் 2, ஞாயிறு. பூமாலை குன்னத்துக்கே வந்துவிட்டான். தர்மனின் மாமனார் அரியமுத்துவும் அப்போது வீட்டில் இருந்தார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. தொட்டியத் தொறந்து வுட்டியா, இல்லியா? இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. என் வேல தப்பும்."

தர்மன் மாமனாரைப் பார்த்தான்.

"தொறந்துதாண்ணே வுட்டேன்."

 "சரி. நீ எதுக்குப் பொய் சொல்லப் போற. மழத்தண்ணி ஓட்டு வழியா எறங்கியிருக்கும். ஏறிப் பாக்காதது என் தப்பு" என்றான் பூமாலை. ஆண்டாயி வைத்த கூழைக் குடித்தான். கை கழுவச் செம்பைக் கொடுத்ததும், எழுந்து முருங்கைமரத்தடிக்குப் போய், வேரில் விழும்படி கழுவினான். தர்மனுக்குத் தலை நிமிரவில்லை.

ஒரு மாதம் பொறுத்துத்தான் அந்தப் பத்து ரூபாயைக் கட்டினான். அது திரும்பி வந்த வாரமே ஒரு கார்டும் வந்தது. போஸ்ட்மாஸ்டர் பழனிவேல் படித்துக் காட்டினார்: "தம்பி, செய்யாத தப்புக்கு நீ எதுக்குப் பணம் கட்டணும்? பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடு. நான் இங்கே ஊரிலேயே கரும்பு வெட்டுக்குப் போகிறேன்."

"இன்னொருக்கா படிக்கட்டுமா?"

"வேணாங்க சார்."

அந்தக் கார்டு அவனைத் தூங்கவிடவில்லை. மாசியில் ஒரு நாள், ஆபீசில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனான்.

"வக்கீலய்யாவுக்கு ஒரு கடுதாசி எழுதணுங்க. தொட்டியக் காலி பண்ணாம வுட்டது நாந்தான்னு."

பழனிவேலின் பேனா நின்றது. "அப்பவே ஏன்யா சொல்லல?"

"அண்ணன் சிரிப்பாருன்னு நெனச்சேங்க."

பழனிவேல் சிரிக்கவில்லை. எழுதி முடித்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

பதில் வந்தது. "பார்க்காமல் பூட்டியவன் இனி வேண்டாம். உண்மையை ஒப்புக்கொண்ட உன்னை நம்பலாம். காவல் வேலையும் பின்கட்டு அறையும் உனக்கே. சித்திரைக்குள் வந்து சேரவும்."

"அடிச்சுதய்யா யோகம். வருஷம் பூராவும் சம்பளம்" என்றார் பழனிவேல்.

தர்மன் கடிதத்தை மடியில் செருகினான். வீட்டுக்குப் போகாமல், அரியலூர் போய் அங்கிருந்து திருமானூருக்கு பஸ் ஏறினான். பூமாலை கரும்புக் கொல்லையில் தோகை உரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, தொட்டியில தண்ணி இருந்துச்சு. கொட்ட மனசு வரல."

பூமாலை அரிவாளைக் கீழே வைத்தான். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா. சிரிச்சிருப்பேன். அவ்வளவுதான."

பூமாலை மறுபடி அரிவாளை எடுத்துக்கொண்டான்.

"என் எடத்துக்கு ஆளப் போட்டுட்டாங்களா?"

 தர்மன் மடியிலிருந்த கடிதத்தை எடுக்கவில்லை.

அந்த வேலைக்கு அவன் போகவில்லை, பதிலும் எழுதவில்லை. அதற்குமேல் வக்கீலிடமிருந்து கடிதமும் கிடையாது. வேலைக்குக் கூப்பிட்ட அந்தக் கடைசிக் கடிதம் குன்னத்துக்கு வந்தது 1948 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை.