சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஆமென்

எழுபதுகளின் கடைசியில் மிஷன் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்து, செல்லூரில் வாடகை வீட்டுக்கு வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. விடியுமுன்பே ஓடத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் நான் தியானப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தை வாசித்து, வாய்விட்டு ஜெபிப்பேன். இந்த இரைச்சலில் முடியவில்லையே என்று முதல் வாரமே கர்த்தரிடம் முறையிட்டேன்.

மறுநாளிலிருந்து, நான் ஆமென் சொன்ன பிறகுதான் தறி ஓடியது. ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னேன். "சிங்கத்தின் வாயைக் கட்டியவர், பக்கத்து வீட்டுத் தறியின் வாயையும் கட்டினார்." சபையார் அல்லேலூயா என்றார்கள்.

பிறகு ஒரு நாள் காய்ச்சல். ஜெபிக்காமல் படுத்துக் கிடந்தேன். வெயில் ஏறியும் தறிச் சத்தம் இல்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் கரண்ட் போகவில்லை என்று தெரிந்தது. கதவைத் திறந்தால் தறிக்கார முருகேசன் அண்ணன்.

"என்ன டீச்சரம்மா, இன்னும் ஆமென் சத்தத்தைக் காணோம்? மேலுக்கு முடியலையா?"

"எனக்காகவா காத்திருந்தீங்க?"

"பெறகு? தறிச் சத்தம் தாங்கலைன்னு அன்னைக்குச் சாமிகிட்டச் சொன்னீகள்ல, சுவத்து வழியா கேட்டுச்சு. சாமி கும்பிடுறவுகளுக்கு எடஞ்சல் பண்ணலாமா? ஆளுக சும்மா உக்காந்திருக்காக. ஓட்டவா?"

"ஓட்டுங்கண்ணே."

அந்தச் சாட்சியை நான் திரும்பப் பெறவில்லை. ஒரு பெயர்தான் அதில் விட்டுப்போயிருந்தது. அடுத்த ஞாயிறு எழுந்து அதைச் சொன்னேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

காய்ச்சல் விட்டதும் சீக்கிரமே எழத் தொடங்கினேன். ஜெபத்தைத் தணிந்த குரலில் சொல்வேன். ஆமென் மட்டும் சத்தமாக.