துளிர்க்காத அடிக்கட்டைகள்

என் வீட்டுக்காரர் ஓடைக்கரைகளில் முள்மரம் அறுப்பவர். இருபது வருடமாக அதே வேலை, வீட்டிலும் அதே பேச்சு. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ரம்பம்.

அந்த மரம் எங்கிருந்தோ வந்தது. ஓடையை அடைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு புல்லைக்கூட வளரவிடாது. வெறுமனே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். அறுத்த ஐந்து நிமிடத்துக்குள், கட்டையின் ஈரம் காய்வதற்குள், மருந்தைப் பூசிவிட வேண்டும். வேரைப் பிடுங்கக் கூடாது. கரையைப் பிடித்திருப்பதே அதுதான். அது மக்குவதற்குள் வேறு நல்ல கன்றுகளை நட்டு வளர்த்துவிட வேண்டும். இவர் மருந்து பூசிய கட்டை ஒன்றுகூட இதுவரை துளிர்த்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை பிடிபடாது.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவருடைய அக்கா வீட்டுக்குப் பின்னால் வேலை வந்தது. சமையலறைக்கும் ஓடைக்கும் நடுவே பத்தடிதான்.

“ரெண்டே ரெண்டு மரத்த விட்டுட்டுப் போடா. கரை நிக்கணும்ல?” என்றார் நாத்தனார்.

“ஒண்ண விட்டாலும் விதை ஓடை முழுக்கப் போயிடும்க்கா. ஆறு மாசத்துல கன்னு நடுற ஆளுங்க வருவாங்க. நான் சொல்றேன்ல?”

பதினேழு மரங்களையும் அறுத்தார். கன்று நடுகிறவர்கள் வரவேயில்லை. இவருக்கு வேலை கொடுத்த அலுவலகத்தில் இரண்டு முறை கேட்டார். அடுத்த பருவம் என்றார்கள். அத்தோடு விட்டுவிட்டார்.

“நீங்களே நாலு கன்னு நட்டா கை தேஞ்சிடுமா?” என்று கேட்டேன்.

“அது என் வேலை இல்ல” என்றார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

போன வாரம் மூன்று நாள் விடாத மழை. சமையலறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் என்று நாத்தனார் போன் செய்தார். நாங்கள் போனபோது கரை பாதி சரிந்திருந்தது. இவர் ஒரு கட்டையைக் காலால் தள்ளினார். அது அப்படியே பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது.

பிறகு சேற்றில் மண்டியிட்டு, மீதிக் கட்டைகளின் பட்டையை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எதிலாவது கொஞ்சம் பச்சை இருக்காதா, ஒரு வேராவது உயிரோடு இருக்காதா என்று. திட்டத்தான் வந்தேன்; எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நாத்தனார் பாத்திரங்களை முன்னறைக்குச் சுமந்துகொண்டிருந்தார். வாசலில் நின்று தம்பியைப் பார்த்தார்.

“தேடாதடா. நீதான் எதையும் அரைகுறையா செய்ய மாட்டியே.”