பனியில் நின்ற தீப்பெட்டி லோடு

ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. எண்ணி முடித்த பிறகுதான் மாடத்தி ஸ்டவ்வைத் தரையில் வைப்பாள். லாரிக்கும் அடுப்புக்கும் நடுவே அறுபது காலடி இருக்க வேண்டும். ஓர் அடி குறைந்தாலும் தீக்குச்சியை உரச மாட்டாள். ஒரு கையில் ஸ்டவ், மறு கையில் சட்டி; சோறு வெந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் அதே நடை. யாராவது சிரித்தால் விட மாட்டாள். "பதினெட்டு வருசம் தீப்பெட்டி ஆபீஸ்ல கெடந்தவ நான். நெருப்பு பரவ எம்புட்டு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும். அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பாள்.

அந்த லாரிதான் அவளுக்கு வீடு. மகள் ஆனந்தியைப் புதியம்புத்தூரில் கட்டிக்கொடுத்த கையோடு, எப்போதும்வென்றான் கிராமத்தில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் புருஷன் சங்கிலிப்பாண்டியோடு வண்டியில் ஏறிவிட்டாள். பின்னால் கோவில்பட்டியில் ஏற்றிய தீப்பெட்டி பண்டல்கள், முன்னால் கேபினில் அவள் குடித்தனம். இருக்கைக்குப் பின்னால் படுக்கைப் பலகை. அதற்கடியில் அரிசி, கருப்பட்டி, வத்தல், ஒரு டப்பா சேவு. பக்கத்துக் கண்ணாடியை மறைத்துக் கொடி கட்டிச் சேலை காயப்போடுவாள். "ரோடு தெரியலட்டி" என்பான் சங்கிலிப்பாண்டி. "தெரியுத மட்டும் பாத்து ஓட்டுங்க" என்று பதில் வரும். சும்மா சொல்லக் கூடாது, ஏழு வருஷமாக அவனும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

போன தை மாதம் கார்கிலுக்கு லோடு. ஜான்சியில் தேங்காயெண்ணெய் கட்டியானது. ஜம்முவில் மாடத்தி சேலைக்கு அடியில் அவனுடைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டாள். தலையில் ஒன்றுக்கு இரண்டாகக் குரங்குக் குல்லாய். சோனமார்க்கைத் தாண்டியதும், மேலே கணவாயைப் பனி மூடிவிட்டது என்று லாரிகளை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். வெயிலில் வெடித்துக் கிடக்கிற கரிசலைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அந்த வெள்ளையைப் பார்க்கப் பயமாக இருந்தது. "எங்கன ரோடு முடியுது, எங்கன பள்ளம் தொடங்குதுன்னே தெரியலயே" என்றாள்.

அங்கேதான் சங்கிலிப்பாண்டி ஊர்ப்புத்தியைக் காட்டினான். முன்னால் நின்ற லாரியின் டிரைவர் பஷீர் அந்தப் பக்கத்து ஆள். எஞ்சினை அணைக்காதே, விடிய விடிய ஓடட்டும் என்று இந்தியில் படித்துப் படித்துச் சொன்னார். யார் பேச்சைக் கேட்டான் இவன்? நிற்கிற வண்டிக்கு எஞ்சின் எதற்கு என்று அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். டேங்க்கில் இருந்ததோ கீழே சமவெளியில் நிரப்பிய டீசல், இந்தக் குளிரைத் தாங்காது. காலையில் சாவியைத் திருப்பினால் கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டேங்க் மூடியைத் திறந்து பார்த்த மாடத்திக்கு உடனே விளங்கிவிட்டது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி முக்குகிற மெழுகு ஆறிப்போனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது டீசல்.

எஞ்சின் ஓடாவிட்டால் கேபினில் சூடும் கிடையாது. பஷீரின் செல்போன் மைனஸ் பதினாறு என்றது. சங்கிலிப்பாண்டி கேன்வாஸ் ஷூவோடு வண்டிக்கடியில் புகுந்து, பில்டரைக் கழற்றுகிறேன் என்று இரண்டு மணி நேரம் பனியில் மல்லாந்து கிடந்தான். டீசலிலும் பனியிலும் காலுறை ஊறிப்போனது. "வெளிய வாங்க, போதும்" என்று மாடத்தி நாலு தடவை கூப்பிட்டாள். "இந்தா ஆச்சுட்டி" என்று நாலு தடவையும் சொன்னான்.

வரிசையில் இன்னும் சில வண்டிகள் படுத்துவிட்டன. அந்த டிரைவர்களுக்கு வைத்தியம் தெரியும். கந்தலை மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி டேங்க்குக்கு அடியில் காட்டுவார்கள், டீசல் இளகிவிடும். முன்னால் ஒரு நெருப்பு, பின்னால் இரண்டு. காற்றில் பொறி பறந்தது. மாடத்தி தார்ப்பாயை இழுத்து இறுக்கினாள். அவள் வண்டியில் தார்ப்பாய்க்கு அடியில் அத்தனையும் தீப்பெட்டி!

அந்த நேரம் பார்த்து, பாவம், உதவி செய்கிறேன் என்று பஷீர் ஒரு கம்பியில் கந்தலைச் சுற்றிக் கொளுத்திக்கொண்டு இவர்கள் வண்டியை நோக்கி வந்தார்.

"வேண்டாம்! கிட்ட கொண்டாராதீங்க அண்ணாச்சி! நில்லுங்க!"

பொம்பளை பயப்படுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். "குச் நஹி, குச் நஹி", ஒன்றுமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டே இன்னும் நெருங்கினார். மாடத்தி குறுக்கே பாய்ந்தாள். இடுப்பிலிருந்த தீப்பெட்டியை உருவி அவர் மூக்குக்கு நேராகக் குலுக்கினாள். பிறகு கையை நீட்டி, தார்ப்பாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காட்டினாள். பஷீரின் முகம் வெளுத்துவிட்டது. கந்தலைப் பனிக்குள் குத்தி அணைத்துவிட்டு, கத்திக்கொண்டே வரிசை நெடுக ஓடினார்.

பக்கத்து வண்டிக்காரர்கள் தங்கள் நெருப்பைக் காலால் மிதித்து அணைத்தார்கள். வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். திட்ட மாட்டார்களா? அவர்கள் வண்டியும்தானே கிடக்கிறது! பாஷை புரியாவிட்டாலும் வசவு புரியும். மாடத்தி எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள். தள்ளி நின்ற வண்டிகளில் மட்டும் நெருப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

திரும்பிப் பார்த்தால், சங்கிலிப்பாண்டி வெளியே வந்து கேபின் படியில் உட்கார்ந்து ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, வேக்காடா இருக்குட்டி. காத்தாடப் படுக்கேன்."

"என்ன சொல்லுதிய? பானைத் தண்ணி கல்லாக் கெடக்கு, வேக்காடுன்னு சொல்லுதிய?"

"சித்திர மாசம்லா, அப்பிடித்தான் இருக்கும்."

குளிர் தலைக்கேறி நாக்குக் குழறியது. விடிகாலையில் கிடுகிடுவென்று ஆடிய உடம்பு இப்போது ஆடவே இல்லை. ஒரு ஷூ கழன்று வண்டிக்கடியில் கிடந்தது. ஈரக் காலுறையோடு பனியில் கால் ஊன்றியிருந்தான், அது அவனுக்குத் தெரியவில்லை. மாடத்திக்கு உயிரே போய்விட்டது. திரும்பி ஓடிவந்த பஷீர் ஒரு பார்வை பார்த்தார், சைகையால் மேலே இருந்த தகரக் கூரை டீக்கடையைக் காட்டினார். அங்கே அடுப்பு எரிகிறது, உடனே தூக்கு என்றார்.

"லோட விட்டுட்டு வர மாட்டேன்" என்று சங்கிலிப்பாண்டி படியை இறுக்கிப் பிடித்தான். புத்தி தடுமாறியும் அது மட்டும் மறக்கவில்லை. "பொறி பறக்குதுலா. யாரு பாப்பா?"

மாடத்தி லாரியைப் பார்த்தாள். லோடு மட்டுமா, அவள் வீடும் அதுதான். அரிசி, சேலை, ஆனந்தியின் கல்யாணப் போட்டோ எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

"எரிஞ்சா எரியட்டும்! எந்திரிங்க நீங்க!"

அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் படியிலிருந்து பிரித்தாள். பஷீர் அவனை முதுகில் தூக்கிக்கொண்டார். வழுக்குகிற பனியில் கூடவே ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கடையில் அவன் காலை அடுப்புக்கு நேராக நீட்டப் போனாள். பஷீர் அவள் கையைத் தட்டிவிட்டார். வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு தகர டப்பில் ஊற்றி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, அதில் கால்களை வைக்கச் சொன்னார். ஈரத் துணியைக் களைந்து கம்பளி போர்த்தினார்கள். சர்க்கரை அள்ளிப் போட்ட டீயை மாடத்தி மடக்கு மடக்காகப் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் உடம்பு மறுபடி ஆட ஆரம்பித்தது. அது நல்லது என்று பஷீர் தலையை ஆட்டினார். ஆனால் கால் விரல்கள் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தன. அதைப் பார்த்ததும் அவர் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார். அதுதான் மாடத்தியைக் கொன்றது.

பெருவிரலைக் கிள்ளினாள். "என்னட்டி செய்யுத?" என்று கேட்டான், கிள்ளியதை உணர்ந்து அல்ல, அவள் குனிந்திருந்ததைப் பார்த்து. நகம் பதியக் கிள்ளினாள். அவன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். இந்தக் காலை வைத்துத்தானே கிளட்சை மிதிக்க வேண்டும், இந்தக் காலை வைத்துத்தானே ஊர் போய்ச் சேர வேண்டும்! கீழே ரோட்டில் யாரோ பெரிதாகக் கத்தினார்கள். கடையிலிருந்தவர்கள் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். தன் வண்டிதான் எரிகிறதோ என்று பார்க்கக்கூட மாடத்தி எழுந்திருக்கவில்லை. டப்பில் தண்ணீரை மாற்றினாள். ஆறியதும் இன்னொரு தடவை மாற்றினாள். மூன்றாம் தடவை மாற்றிவிட்டுப் பெருவிரலைப் பிடித்தாள்.

"ஏட்டி! வலிக்குதுட்டி! கொல்லப் போறியா என்னைய?" கடை அதிரக் கத்தினான் சங்கிலிப்பாண்டி.

கன்னத்தில் வழிந்ததை மாடத்தி துடைக்கவில்லை. அடுத்த விரலைப் பிடித்துக் கிள்ளினாள்.